ஆளுயரப் புல், எருக்கு, நாணல்: 1:32 டயோரமாவுக்கு எதை வெச்சு செய்யறீங்க?

ஓ.டி. மீட்டர்கேஜ் | கடலூர் முதுநகர்

எல்லாருக்கும் வணக்கம். மீட்டர்கேஜ் காலத்துக் கடலூர் துறைமுகச் சந்திப்பு யார்டு சாயல்ல ஒரு டயோரமா, அதாவது குட்டிக் காட்சி மாடல், போயிட்டிருக்கு. அச்சு அசல் இல்ல, சாயல்தான். 1980கள்ல ஆள் போக்குவரத்து இல்லாமப் போன ஒரு சைடிங், அதுல துரு பிடிச்சு நிக்கிற கூட்ஸ் வேகன், பின்னாடி பாதி இடிஞ்ச லாம்ப் ரூம் (ரயில்வே விளக்குகளை வைக்கிற அறை). அளவு 1:32. மீட்டர்கேஜை அந்த அளவுக்குக் குறைச்சா 31.25 மி.மீ. வருது. ஓ கேஜ்னு கிடைக்கிற மாடல் தண்டவாளம் 32 மி.மீ. முக்கால் மி.மீ. வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியப் போறதில்ல, தண்டவாளத்தைக் கையால செய்ற வேலை மிச்சம்.

வேகன் முடிஞ்சுது. ஜல்லி போட்டாச்சு. சிலீப்பர் கட்டைக்கு வெயில் பட்ட சாம்பல் நிறமும் வந்துடுச்சு. இப்ப புல்லுலதான் நிக்குது வேலை. எனக்கு வேண்டியது இடுப்பளவு புல், அதாவது 1 மீட்டர், மாடல்ல 31 மி.மீ. வேகனுக்குப் பின்னாடி ஆள் உயரத்துக்கும் மேல நாணல், 80 மி.மீ.யாவது வரணும். கடையில கிடைக்கிற ஸ்டாட்டிக் கிராஸ்ல (மின்னேத்தி நிமிர வெச்சு ஒட்டற புல் நார்) பெரிசே 12 மி.மீ. தான். கணக்குப் போட்டா 38 செ.மீ. என் கேங்மேன் பொம்மை 53 மி.மீ. உயரம், அவருக்கு முழங்கால் கூட மறையல.

மீதிக்கு என்ன பண்றது? வாங்கறதா, செய்யறதா?

லாஸ்பேட்டை டாங்கி | புதுச்சேரி

12க்கு மேல ஸ்டாட்டிக் கிராஸை நம்பாதீங்க ப்ரோ. நீள நாருக்கு எடை கூடும், ஒரு முனை பசையில பிடிக்கறதுக்குள்ள மறு முனை சாஞ்சிடும். ஆனா அதை ஒதுக்கவும் வேணாம், அடிப்புல் அதுதான்.

நான் 1:35ல செய்றது இது. முதல்ல 2 மி.மீ. வைக்கோல் நிறம், திட்டுத் திட்டா. அது மேல 4, 6 ரெண்டையும் கலந்து, நிறமும் மூணு நாலு கலந்து. நல்லா காஞ்சதும் சில இடத்துல மட்டும் மேலாக ஹேர் ஸ்ப்ரே அடிச்சு 12 தூவுவேன். புது நார் பழைய நாரோட நுனியைப் பிடிச்சு ஏறும். அப்படி ஏத்தினா 15, 16 மி.மீ. வரை வரும். ஃபெவிகால்ல தண்ணி கலக்காதீங்க, நீள நாருக்கு கெட்டிப் பசைதான் பிடிமானம். தூவின உடனே பலகையைத் தலைகீழாக் கவுத்துத் தட்டினா உதிர வேண்டியது உதிரும், மிச்சம் தொங்கி நேராகும்.

ஒரே பாக்கெட், ஒரே நீளம், ஒரே பச்சை போட்டா வாசல்ல கிடக்கிற கால்மிதிதான் வரும். அதைத்தான் நிறைய பேர் பண்றாங்க.

கோரிமேடு குட்டி ரயில் | புதுச்சேரி

தம்பி சொன்னதுல ஒண்ணு விட்டுப் போச்சு, முக்கியமானது. ஹேர் ஸ்ப்ரே தீப்பிடிக்கிற சரக்கு. ஸ்டாட்டிக் கருவியில பொறி பறக்கும். அடிச்ச கையோட கருவியை ஆன் பண்ணக்கூடாது. ஜன்னலைத் திறந்து வெச்சு, வாசனை போன பிறகுதான். இல்லாட்டி தண்ணி கலந்த ஃபெவிகாலையே ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்தி அடிச்சுக்கலாம், அதுவும் பிடிக்கும்.

கருவி பத்தி: யூடியூப் பார்த்துட்டு கொசு பேட்டைப் பிரிச்சு டீ வடிகட்டியில ஒயர் ஒட்டறவங்க நம்ம பக்கம் நிறைய. 2 மி.மீ. நாருக்கு அது போதும். 6க்கு மேல போனா படுத்துக்கும். பேட்ல வர்றது சில ஆயிரம் வோல்ட், அயன் (ion) ஜெனரேட்டர் மாட்யூல்ல பத்தாயிரத்துக்கு மேல. அதுவுமில்லாம, ஆஃப் பண்ண பிறகும் பேட்டோட கெப்பாசிட்டர்ல மின்சாரம் தங்கியிருக்கும், பிரிச்சுக் கை வெச்சா சுளீர்னு அடிக்கும். ரெண்டு ஒயரையும் ஒண்ணோட ஒண்ணு முட்ட வெச்சு இறக்கிட்டுத்தான் தொடணும்.

இன்னொண்ணு, நம்ம கடலோரத்துக்கே உள்ள தொல்லை. வடிகட்டியில இருக்கிற நாருக்கு மின்னேற்றம் வந்து, கருவியோட இன்னொரு ஒயரை மாட்டின ஆணி சொருகியிருக்கிற ஈரப் பசையை நோக்கிப் பறக்கணும், பறக்கும்போதே நிமிரணும். அதுதான் அதோட வேலை. ஐப்பசி கார்த்திகையில காத்துல இருக்கிற ஈரம் நார் மேல படிஞ்சா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கட்டி கட்டியா விழும். நாரைத் தட்டுல பரப்பிக் கொஞ்ச நேரம் வெயில் காட்டுங்க, டப்பாவுல சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைங்க. அடைமழை நாள்ல இந்த வேலையே வேணாம், பெயிண்ட் வேலை பாருங்க.

பாகூர் டீச்சர் | பாகூர்

நீளத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறீர்கள். இரண்டு கேள்வி கேட்கிறேன். உங்கள் காட்சி எந்த மாதம்? அந்த யார்டுக்குள் ஆடு வருமா?

மாதம் தெரியாமல் நிறம் கலக்க முடியாது. வடகிழக்குப் பருவமழை முடிந்த மார்கழி, தையில் எல்லாம் பச்சை. மாசியில் நுனி வெளுக்கும். பங்குனி, சித்திரையில் வைக்கோல். குழாய் ஒழுகும் இடத்திலும் சாக்கடை ஓரத்திலும் மட்டும் பச்சை மிஞ்சும். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துச் செய்கிறவர்கள் அந்த நாட்டு மே மாதப் பசுமையைக் கொண்டுவந்து கடலூரில் நட்டுவிடுகிறார்கள்.

ஆட்டின் விஷயம் அதைவிடப் பெரியது. இடுப்பளவு புல் பரந்து நிற்கும் நிலம் நம் பக்கம் குறைவு, ஏனென்றால் அது அந்த உயரம் வளரும் முன்பே மேய்ந்து முடிந்துவிடும். அருகம்புல்லும் கோரையும் தரையோடு தரையாகக் கிடக்கும். அதன் நடுவில் எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு இவை மட்டும் செழித்து நிற்கும். பாலும் நஞ்சும் உள்ள செடியைக் கால்நடை தொடாது. முள்ளுக்குள் முளைத்த புல்லும் தப்பிக்கும். சீமைக்கருவேலம் புதரைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே புல் நெட்டையாக இருக்கும், வெளியே மொட்டை. ஆக, நம் ஊர்க் காட்டுச்செடிக் காட்சி என்பது ஆடு தின்றது போக மிச்சம். உயரமான புல்லை எங்கே வைப்பது என்பதற்கு இதுதான் விதி: ஆட்டின் வாய் எட்டாத இடம்.

ஓ.டி. மீட்டர்கேஜ்

டீச்சர், நீங்க கேட்ட ரெண்டு கேள்விக்கும் பதில் சொல்றதுக்குள்ள பாதி திட்டமே மாறிப் போச்சு. மாசம் பங்குனி. ஆடு வரும். பழைய தண்டவாளத்தை நட்டுக் கம்பி இழுத்த வேலி இருக்கு, நாலு இடத்துல கம்பி அறுந்திருக்கு.

அப்படின்னா இடுப்பளவு புல்லை வேகனுக்கு அடியில, சக்கரத்துக்கு இடையில, வேலிக் கம்பி சுருண்டு கிடக்கிற இடத்துல மட்டும் வைக்கறேன். முன்பக்கம் மொட்டை. நாணல் பின்னாடி பள்ளத்துல, தண்ணி தேங்கற இடத்துல. சரிதானே?

பாகூர் டீச்சர்

சரி. தண்டவாளத்துக்குள்ளே விட்டுவிடாதீர்கள். ஜல்லிக்குள் மண் வந்து அடைந்த இடத்தில்தான் முதலில் முளைக்கும், சிலீப்பர் கட்டையின் இரு முனைகளிலும். எஞ்சின் நின்று எண்ணெய் சொட்டிய இடம் கடைசிவரை வெறுமையாக இருக்கும்.

சிங்காரத்தோப்பு படகு | கடலூர்

நான் படகு மாடல் பண்றவன், புல்லுக்கும் எனக்கும் சம்பந்தம் கொஞ்சம்தான். ஆனா 31 மி.மீ. கேட்டாரே, அதுக்கு ஹார்டுவேர் கடைக்குப் போங்கண்ணே. பைப் மரையில சுத்த பிளம்பர் வாங்கற சணல், சீவின மாதிரி நீளமா, சிக்கில்லாம, பொன்நிறமா கொத்தாக் கிடைக்கும். கோணியில பிரிக்கிற சணல்ல கசடும் முடிச்சும் இருக்கும், அதை விட இது சுத்தம். பங்குனிப் புல்லு நிறத்துக்குச் சாயமே வேணாம். பச்சை வேணும்னா துணிச் சாயத்துல போடுங்க, சணல் நல்லா இழுக்கும்.

சின்னக் கொத்தா எடுத்து ஒரு முனையை ஃபெவிகால்ல தொட்டு, விரலால உருட்டி, காய விட்டு, அடியை நேரா வெட்டுங்க. தரையில ட்ரில்லால ஓட்டை போட்டு நடணும். மேல்பக்கத்தை நேரா வெட்டக் கூடாது. கத்திரியைச் செங்குத்தாப் பிடிச்சு நுனியைக் கொத்திக் கொத்தி விடணும், அப்பத்தான் ஒண்ணு நெட்டை ஒண்ணு குட்டை வரும்.

விளக்குமாத்து ஈர்க்குச்சி வேணாம். அதோட தடிப்பு ரெண்டு மி.மீ.ன்னு வெச்சாலும் 1:32ல 6 செ.மீ. அது புல்லு இல்ல, மூங்கில் தோப்பு.

அப்புறம், யார்டு கடல் பக்கம்னா மணல் திட்டுல ராவணன் மீசை வைக்க மறந்துடாதீங்க. தேவனாம்பட்டினம் போனா கண்ணால பார்த்துக்கலாம். மணல் மேல கொடி ஓடி, கணுவுக்குக் கணு விறைப்பான முள்ளுக் கொத்து. நிறம் பச்சை இல்ல, நீலம் கலந்த சாம்பல். காஞ்ச பெண் பூவுருண்டை காத்துல கழண்டு உருண்டு ஓடும். ஒண்ணு ரெண்டு தண்டவாளத்துல மாட்டி நிக்கற மாதிரி வெச்சா, கடல் எந்தப் பக்கம்னு யாரும் கேக்க மாட்டாங்க.

லாஸ்பேட்டை டாங்கி

சணல்ல ரெண்டு பிரச்சினை இருக்கு. ஒண்ணு, இழையில பொடி ரோமம் நிக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுல க்ளோசப் எடுத்தா கொத்தே பூஞ்சை பிடிச்ச மாதிரி வரும். ரெண்டாவது, வெயில் படற இடத்துல வெச்சா நாள்பட நிறம் பழுப்பேறும். லிக்னின் இருக்கிற எந்த நாருக்கும் அந்தக் கதிதான்.

பதிலா பொம்மை தைக்கிற ஃபர் துணி முயற்சி பண்ணுங்க. 25, 30 மி.மீ. ரோமம் உள்ளதாப் பார்த்து வாங்கணும். தரையில பசை தடவி, துணியைக் குப்புறப் போட்டு, ரோமம் பசையில படற மாதிரி அமுக்கி, ஒரு நாள் முழுக்கக் காய விட்டு, பின்பக்கத் துணியை ரோமத்திலேர்ந்து வெட்டி உரிச்சு எடுக்கணும். ரோமம் தரையில நிக்கும். முழுத் துண்டா ஒட்டாம கிழிச்ச ஓரத்தோட சின்னச் சின்னத் துண்டா. அக்ரிலிக் நார், பூச்சி தொடாது. ஆனா சாதாரணத் துணிச் சாயமும் அதுல ஏறாது. வெளிர் நிறமா வாங்கி ஏர்பிரஷ்ல அடியில இருட்டு, நுனியில வெளிர்னு அடிச்சுக்கணும். பளபளப்பு போக மேட் வார்னிஷ் கட்டாயம்.

சிங்காரத்தோப்பு படகு

பொடி ரோமத்துக்கு வழி இருக்கு தம்பி. தண்ணி கலந்த ஃபெவிகாலை ரெண்டு விரல்ல தொட்டு இழையை மேலிருந்து கீழ உருவி விட்டா படிஞ்சிடும். படகுக் கயித்துக்கு நாங்க அதைத்தான் பண்றோம். ஃபர் வேணாம்னு சொல்லல. வேகனுக்கு அடியில ஃபர் துண்டை எப்படிக் குப்புறப் போட்டு உரிப்பீங்க? அங்க நட்டாத்தான் ஆகும்.

லாஸ்பேட்டை டாங்கி

அது உண்மைதான்.

திருப்பாப்புலியூர்க்காரன் | கடலூர்

புல்லு யாரு வேணா பண்ணிடலாம். அந்தக் காட்சிக்கு முகம் கொடுக்கப் போறது எருக்கு. டீச்சர் சொன்ன மாதிரி ஆடு தொடாத செடி, மொட்டைத் தரையில தனியா நிக்கும், பார்க்கறவங்க கண்ணு முதல்ல அங்கதான் போகும். அதனால ஒண்ணு செஞ்சாலும் ஒழுங்கா செய்யணும். நான் பண்ற விதம்:

கெட்டுப்போன சார்ஜர் ஒயரை உரிச்சா உள்ள மெல்லிய செம்புக் கம்பி நிறைய இருக்கும். ஆறேழு கம்பியை அடியில சேர்த்து முறுக்கி, மேல போகப் போக ஒண்ணொண்ணாப் பிரிச்சுக் கிளையாக்குங்க. எருக்கு அடியிலேர்ந்தே பல தண்டாப் பிரியற செடி, நடுவுல ஒரு மரத் தண்டு வெச்சா முருங்கை ஆயிடும். முறுக்குத் தெரியாம இருக்க ஃபெவிகாலோட டால்கம் பவுடர் குழைச்சுப் பூசுங்க. நிறம் வெளிறின சாம்பல், அடிக்கட்டையில மட்டும் கொஞ்சம் பழுப்பு.

இலைக்கு சாதாரண எழுதற பேப்பர் போதும், எருக்கிலை தடிப்பானதுதான். வெட்டறதுக்கு முன்னாடியே ரெண்டு பக்கமும் பெயிண்ட் அடிச்சிடணும். பச்சையில வெள்ளையும் துளி சாம்பலும், நீங்க நினைக்கிறதை விட வெளிறலா. அடிப்பக்கம் அதை விட வெளிறல். நிஜ இலை 10லேர்ந்து 20 செ.மீ., நமக்கு 3லேர்ந்து 6 மி.மீ. நீள்வட்டமா வெட்டி, ரப்பர் மேல வெச்சு முனை மழுங்கின ஊசியால நடுவுல ஒரு கோடு அமுக்கினா இலை தானாகவே லேசாக் குழிஞ்சு மடங்கும். அந்த மடிப்பு இல்லாட்டி பேப்பர் பேப்பராத்தான் தெரியும்.

ஒட்டறது: ஜோடி ஜோடியா, எதிரெதிரே. ஒரு ஜோடி கிழக்கு மேற்குன்னா அடுத்தது வடக்கு தெற்கு. பெரிய இலை கீழ, சின்னது நுனியில. காம்பு கிடையாது, இலை தண்டைக் கட்டிப் பிடிச்ச மாதிரி இருக்கும். கடைசியில காஞ்ச பிரஷ்ல முகப்பவுடர் தொட்டு இலை மேல லேசாத் தட்டுங்க. நிஜ எருக்குல இருக்கிற அந்த மாவு அப்படியே வந்துடும். இதுக்கு மேல வார்னிஷ் அடிச்சா மாவு மறைஞ்சிடும், அடிக்காதீங்க.

கீழ ரெண்டு இலை மஞ்சள் பூத்து, ஒண்ணு தரையில விழுந்து கிடக்கட்டும்.

ஓ.டி. மீட்டர்கேஜ்

அண்ணே, பூ?

திருப்பாப்புலியூர்க்காரன்

பிள்ளையார் சதுர்த்திக்கு மாலை கட்டறவங்க வந்து பறிச்சிட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லிடுங்க. ஆனா உங்க மாசம் பங்குனி, அந்தச் சாக்கு எடுபடாது. வெளிர் ஊதாவுல பசைத் துளி வெச்சு, பக்கத்துல மொட்டு ரெண்டு வைங்க. இந்த அளவுல இதழ் வெட்டறது கண்ணுக்குக் கேடு.

வில்லியனூர் 1950 | புதுச்சேரி

நடுவுல வர்றேன், மன்னிக்கணும். நான் பண்றது பிரெஞ்சுக்காரன் காலத்து எல்லைச் சுங்கச்சாவடி, 1950 வாக்குல. சாவடிக்குப் பின்னாடி பார்த்தீனியம் மண்டிக் கிடக்கற மாதிரி போடலாம்னு இருக்கேன். வெள்ளைப் பூ நல்லா எடுப்பா இருக்கும்.

பாகூர் டீச்சர்

போடாதீர்கள். பார்த்தீனியம் இந்தியாவில் 1950களின் நடுவில் புனேயில்தான் கண்டறியப்பட்டது, நாடெங்கும் பரவியது அதன் பிறகு. 1954 நவம்பரில் புதுச்சேரி இந்தியாவிடம் வந்தபோது உங்கள் சாவடிக்குப் பின்னால் அது இருந்திருக்க நியாயமில்லை. பதிலுக்கு உண்ணிச்செடி வையுங்கள். அது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அழகுக்காகக் கொண்டுவந்த செடி, வேலியோரத்தில் தாராளமாக நிற்கலாம். மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்த பூ, எடுப்புக்குக் குறைவில்லை. வெள்ளைதான் வேண்டுமென்றால் தும்பை.

ஓ.டி. தம்பிக்கு 1980கள் என்பதால் பார்த்தீனியம் தடையில்லை.

நெல்லிக்குப்பம் கரும்பு | கடலூர்

நாணல் தண்டுக்கு யாருமே சவுக்கைச் சொல்லலையே! நம்ம மாவட்டத்துல சவுக்குக்கா பஞ்சம்? அந்த ஊசி இலை, உண்மையில அது மெல்லிய கிளைதான், முக்கால் மி.மீ. தடிப்பு இருக்கும். 1:32ல ரெண்டு ரெண்டரை செ.மீ. கணுக்கணுவா வேற இருக்கும். என்னோட 1:32 மாட்டு வண்டியில கரும்பு லோடு முழுக்க இதுதான், ஊதா கலந்த பழுப்புப் பெயிண்ட் ஒரு கை அடிச்சேன். நாணல் தண்டு இதை விட மெலிசு, அதனால இளங்கிளையாப் பொறுக்குங்க.

ஆனா காஞ்சதைப் பொறுக்காதீங்க, கணுவுல கணுவுல ஒடியும். பச்சையாப் பறிச்சு, கிளிசரின் ஒரு பங்கு வெந்நீர் ரெண்டு பங்கு கலந்து ஊற வைங்க. மெடிக்கல் ஷாப்லயே கிளிசரின் கிடைக்கும். ஒரு வாரம் போல ஊறினா வளையும், ஒடியாது. துடைச்சு நல்லா ஆற விட்டுப் பெயிண்ட், இல்லாட்டி பிசுபிசுப்புல பெயிண்ட் நிக்காது.

பூவுக்கு வீட்டுப் பூந்துடைப்பத்தோட நுனி இழை. மெல்லிசாக் கிளை விட்டிருக்கும், நாணல் பூவுக்கு அச்சு அசலா அமையும். வெள்ளையை விட வெள்ளி நிறம் கொஞ்சம் கலந்து அடிங்க.

கோரிமேடு குட்டி ரயில்

சவுக்கு, சணல், துடைப்பம்னு இயற்கைச் சரக்கு இறங்கிடுச்சு, அதனால ஒரு வார்த்தை. ராமபாணமும் கரப்பானும் பூஞ்சையும் உங்க டயோரமாவை நீங்க பார்க்கறதுக்கு முன்னாடி பார்த்துடும். நடறதுக்கு முன்னாடி எதையும் நல்லா காய வைங்க. முடிச்ச பிறகு மேட் வார்னிஷ் ஒரு சுற்று, எருக்கை மட்டும் பேப்பரால மூடிட்டு. சிக்கனம்னு மைதாப் பசை காய்ச்சிடாதீங்க. பைண்டிங் பண்றவங்க அதுல மயில்துத்தம் போடறது சும்மா இல்ல, போடாத பசை பூச்சிக்கு விருந்து. கண்ணாடிப் பெட்டி போட்டா அடியில ரெண்டு சின்ன ஓட்டை விடுங்க. அடைச்சு வெச்சா மழைக்காலத்துல உள்ளேயே வேர்க்கும்.

ஓ.டி. மீட்டர்கேஜ்

அப்ப வேலை இப்படிப் போகுது. தரைக்கு 2, 4 மி.மீ. ஸ்டாட்டிக், வைக்கோல் நிறம். தண்ணித் தொட்டி ஒழுகற இடத்துல மட்டும் பச்சை. வேகன் அடியில பிளம்பர் சணல். வேலியோரம் ஃபர் துண்டு. பள்ளத்துல சவுக்கும் பூந்துடைப்பமும். எருக்கு மூணு, அதுல ஒண்ணு லாம்ப் ரூம் வாசப்படியிலயே. மணல் மூலையில ராவணன் மீசை.

கோரிமேடு சார், உங்க அயன் ஜெனரேட்டர் கருவியை ஒரு ஞாயித்துக்கிழமை கடன் கொடுப்பீங்களா? நானே பாண்டிக்கு வந்து எடுத்துக்கறேன்.

கோரிமேடு குட்டி ரயில்

வாங்க. 12 வோல்ட் அடாப்டர் நீங்க கொண்டு வரணும், என்னோடது தண்டவாளத்துக்குப் போயிட்டிருக்கு. மழை பெஞ்சா வராதீங்க.

பாகூர் டீச்சர்

இடிந்த லாம்ப் ரூம் என்றீர்கள். சுவர் விரிசலில் அரசங்கன்று இல்லாமல் இடிந்த கட்டடமா? காக்கை எச்சத்தில் வந்த விதை, காரைச் சுவரில் வேர் நரம்பு போல் இறங்கியிருக்க வேண்டும். பங்குனி என்பதால் துளிர் செம்பு நிறத்தில் இருக்கட்டும், முதிர்ந்த இலை மட்டும் பச்சை.

ஓ.டி. மீட்டர்கேஜ்

வேருக்கு அதே சார்ஜர் கம்பி போதும். இலை? 12 செ.மீ. இலைன்னா 4 மி.மீ. கூட வராது, அதுல அந்த வால் நுனி வேற.

திருப்பாப்புலியூர்க்காரன்

பேப்பரை ரெண்டா மடிச்சு அரை இலையா வெட்டுங்க, பிரிச்சா ஹார்ட்டு வந்துடும், நடு நரம்பும் மடிப்புலயே கிடைச்சிடும். வாலுக்குப் புது பிளேடு. பழசுல வெட்டினா நுனி பிசிறும்.